பாட்டிலில் இறங்கிவந்த கொடைக்கானல்

வத்தலக்குண்டில் டீக்கு வண்டியை நிறுத்தியபோது பின்சீட்டிலிருந்து மகள் ஒரு தண்ணீர் பாட்டிலைத் தூக்கிக் காட்டினாள். கொடைக்கானலில் கிளம்பும்போது கடைசி வாய் தண்ணீரைக் குடித்துவிட்டு, மூடியை இறுகத் திருகிக் காலடியில் போட்ட லிட்டர் பாட்டில். இரண்டு பக்கமும் உள்ளே ஒட்டி, பட்டினி கிடந்த வயிறு மாதிரி இருந்தது.

"நான் மிதிக்கலைப்பா. தானா நசுங்கிடுச்சு."

முன்சீட்டில் அம்மா சுண்டுவிரலால் காதைக் குடைந்துகொண்டிருந்தார். "நீங்க பேசுறது கிணத்துக்குள்ள இருந்து கேக்குற மாதிரி இருக்கு."

பாட்டிலுக்கும் அம்மாவின் காதுக்கும் நேர்ந்தது ஒன்றேதான். இரண்டும் மலைக்காற்றை அடைத்துக்கொண்டு கீழே வந்திருந்தன.

காற்றுக்கு எடை உண்டு. நாங்கள் போய்க்கொண்டிருந்த ராமேஸ்வரம் மாதிரி கடலோர ஊரில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மீதும் ஏறக்குறைய 1 கிலோ காற்று உட்கார்ந்திருக்கிறது. கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம். அங்கே நின்றால் அத்தனை மீட்டர் காற்றும் காலுக்குக் கீழே போய்விடுகிறது. தலைக்கு மேல் மிஞ்சுவது 800 கிராம்தான். மேலே மூடிய பாட்டிலுக்குள் இருப்பது இந்த 800 கிராமைத் தாங்கப் பழகிய காற்று. கீழே வர வர வெளிச்சுமை ஏறுகிறது, உள்ளே இருப்பது சுருங்குகிறது. லிட்டர் காற்று கடல்மட்டத்தில் 775 மில்லியாகிவிட வேண்டும். ஆனால் சமவெளியின் வெயில் அதைச் சூடாக்கி விரியவைப்பதால் 820 வரை நிற்கும். நம்மூர் வெயில் செய்யும் அபூர்வமான உபகாரம்.

மலை ஏறும்போது கடையில் சரம்சரமாகத் தொங்கும் சிப்ஸ் பாக்கெட்டுகள் வெடிக்கப்போவதுபோல் உப்பியிருப்பதும் இதே கணக்குதான், தலைகீழாக.

பாட்டிலுக்குக் கதவு கிடையாது; காதுக்கு உண்டு. செவிப்பறைக்குப் பின்னால் நடுச்செவி என்ற சின்னக் காற்றறை இருக்கிறது. அங்கிருந்து மூக்கின் பின்புறத்துக்கு ஒரு குழல் இறங்குகிறது. யூஸ்டேசியன் குழல் என்று பெயர்; பெரியவர்களுக்கு மூன்றரை சென்டிமீட்டர் நீளம். பெரும்பாலான நேரம் அதன் வாய் ஒட்டித்தான் இருக்கும். எச்சில் விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் அண்ணத்தோடு சேர்ந்த ஒரு தசை அதை ஒரு கணம் இழுத்துத் திறக்கும். அந்த "டப்" சத்தம் அப்போது வருவது.

ஏறும்போது இவ்வளவு தொந்தரவு இல்லையே, இறங்கும்போது மட்டும் ஏன்? சைக்கிள் டியூபில் மாட்டும் வால்டியூபை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கமிருந்து காற்று ரப்பரை விலக்கிக்கொண்டு போய்விடும். மறுபக்கமிருந்து வந்தால் அதே காற்று ரப்பரை அழுத்தி வழியை அடைத்துவிடும். காதின் குழலும் தொண்டைப் பக்கம் மெத்தென்ற குருத்தெலும்புதான். மலை ஏறும்போது நடுச்செவியில் கூடுதலாக இருக்கும் காற்று தானே வழி விலக்கி வெளியேறிவிடுகிறது. இறங்கும்போதோ வெளி அழுத்தம் அந்த மெத்தென்ற வாயையே அமுக்குகிறது. செவிப்பறை உள்நோக்கிக் குழிந்து, அதிர முடியாமல் விறைத்து நிற்கிறது. அம்மாவின் கிணறு அதுதான். காதைக் குடைந்து பயனில்லை. அடைப்பு விரல் போகும் பக்கம் இல்லை.

விமானத்தில் போனவர்களுக்கும் இது தெரிந்த அவஸ்தை. அங்கேயும் ஏறக்குறைய இதே மலைதான்: பறக்கும்போது உள்ளே வைத்திருக்கும் அழுத்தம் வழக்கமாக 1,800 முதல் 2,400 மீட்டர் உயரத்து அழுத்தம். தரையிறங்கும் அரைமணி நேரம், கொண்டை ஊசி வளைவுகள் இல்லாத கொடைக்கானல் இறக்கம்.

"எச்சியை முழுங்கிக்கிட்டே வாடா" என்று பாட்டிகள் சொல்வது சரியான வைத்தியம். புளிப்பு மிட்டாய் வாயில் இருந்தால் தானாக விழுங்குவோம். தூங்கும்போது விழுங்குவது குறைந்துவிடும். அதனால் மலை இறங்கும்போது பிள்ளைகளை எழுப்பிவிடுவது நல்லது. குழந்தைகளுக்கு இந்தக் குழல் குட்டையாக, ஒடுங்கி, கிட்டத்தட்டப் படுத்தவாக்கில் இருப்பதால் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். கைக்குழந்தைக்கு அப்போது பால் கொடுக்கலாம். மூக்கைப் பிடித்து வாயை மூடி மெதுவாக ஊதுவதும் பலிக்கும், ஆனால் சளி பிடித்திருக்கும்போது வேண்டாம். கிருமியைக் காதுக்குள் தள்ளிவிடும்.

அம்மாவுக்கு முதல் வாய் டீயிலேயே ஒரு காது திறந்துவிட்டது. இன்னொன்று மதுரை நெருங்கும்போது ஒரு பெரிய கொட்டாவியில். அதன்பிறகு யாருக்கும் காது அடைக்கவில்லை. வத்தலக்குண்டு சுமார் 300 மீட்டர் உயரம்தான்; ஏற வேண்டிய அழுத்தத்தில் ஆறில் ஐந்து பங்கு அங்கேயே ஏறிவிட்டது. மிச்சம், ராமேஸ்வரம் வரைக்குமான நீளமான சாலையில் யாருக்கும் தெரியாமல் கரைந்துபோயிற்று.

மகள் பாட்டிலைத் திறக்கவே இல்லை. அக்னி தீர்த்தக் கரையில், காதருகே வைத்து மூடியைத் திருகினாள். 'உஸ்' என்று ஒரு மூச்சு. ஒட்டியிருந்த பக்கங்கள் டக் டக்கென்று எழுந்து நின்றன.

"கொடைக்கானல் காத்து போயிடுச்சாப்பா?"

போகவில்லை என்றேன். உள்ளேதான் இருக்கிறது, இந்தக் கடற்காற்று கொஞ்சம் அதோடு சேர்ந்துகொண்டது.