எழுந்து நடந்தால் அழுகை அடங்குவது ஏன்?

"மடியில் போட்டு எவ்வளவு தட்டிக்கொடுத்தாலும் வீறிடுகிறாள். எழுந்து நாலடி நடந்தால் சட்டென்று அடங்கிவிடுகிறாள். நான் எழுந்தது அவளுக்கு எப்படித் தெரிகிறது?" இரண்டு மாதக் குழந்தையின் தாய் கேட்டிருக்கிறார்.

பசி, ஈரத்துணி, வயிற்றில் காற்று, காய்ச்சல் எல்லாம் பார்த்த பிறகுதான் அவர் கேட்கிறார். ஆறாவது வாரத்தையொட்டிக் காரணம் பிடிபடாத அழுகை உச்சத்துக்குப் போவதும், மூன்று நான்கு மாதத்தில் தணிவதும் இயல்பு. நடையின் விஷயத்துக்கு வருவோம்.

ஜப்பானின் ரிகென் ஆய்வு நிறுவனத்தில் குமி குரோடாவின் குழு 2013-இல் இதை அளந்து பார்த்தது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளைத் தாய் உட்கார்ந்தபடி வைத்திருந்தபோதும், தூக்கிக்கொண்டு நடந்தபோதும் இதயத்துடிப்பைப் பதிவு செய்தார்கள். நடை தொடங்கிய சில நொடிகளிலேயே கைகால் உதறல் நின்றது, அழுகை குறைந்தது, துடிப்பும் இறங்கியது. அழுகை மட்டும் நின்றிருந்தால் வேடிக்கை பார்க்கிறது என்று விட்டுவிடலாம். இதயமே நிதானப்படுகிறது என்றால், உடலை ஓய்வுக்குத் திருப்பும் பாராசிம்பதெடிக் நரம்புகள் வேலையில் இறங்கிவிட்டன.

சுண்டெலியைப் பாருங்கள். தாய் பிடரியைக் கவ்வித் தூக்கியதும் குட்டி பின்னங்கால்களை வயிற்றோடு மடக்கிச் சிறு பந்தாகச் சுருண்டுகொள்ளும். நம் காதுக்கு எட்டாத மீயொலியில் அது போடும் கூச்சலும் ஓயும். அதே ஆய்வில் குட்டியின் பிடரித் தோலை மரத்துப்போகச் செய்தார்கள், அமைதி குலைந்தது. உடல் அசைவதை உணரும் புலனை மந்தமாக்கினார்கள், அப்போதும் குலைந்தது. பிடித்திருக்கும் தொடுகையும் வேண்டும், நகர்வதும் தெரிய வேண்டும். மடியில் முதலாவது மட்டும்தான் கிடைக்கிறது. இப்படி அடங்க முடியாத குட்டியை மீட்டுக் கொண்டுபோகத் தாய்க்குக் கூடுதல் நேரம் பிடித்தது. ஆபத்தில் தூக்கிக்கொண்டு ஓடும் தாயோடு குட்டி தன் பங்குக்கு ஒத்துழைக்கிறது! இதைப் படித்த அன்று, தோளில் தூங்கிய என் மகளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எடுத்து எடுத்துப் பழக்காதே" என்று அதட்டுபவர்களிடம் எனக்குக் கோபம் உண்டு. இது பிடிவாதம் அல்ல, பாலூட்டிகளுக்கு வாய்த்த அனிச்சை. எலிக்குட்டி சுருள்வதை ஆராயவா பணம் என்று கேட்பவர்களுக்கும் இதுவே என் பதில். இத்தகைய ஆய்வுக்கு இன்னும் நிறையக் கொடுக்கலாம்.

தூங்கியதைப் படுக்கையில் விட்டதும் விழித்துக்கொள்கிறதே? அதே குழு 2022-இல் இதையும் பார்த்தது. ஐந்து நிமிட நடையில் அழுத குழந்தைகள் அடங்கின, ஏறக்குறைய பாதி தூங்கியும் போயின. கிடத்தியபோது மூன்றில் ஒரு பங்கு விழித்துக்கொண்டன. படுக்கையைத் தொடும்போதல்ல, அதற்கும் முன்பே, தாயின் உடலிலிருந்து குழந்தையின் உடல் பிரியத் தொடங்கும்போதே துடிப்பு ஏறியது. விழித்தவை கிடத்தும் முன் சராசரியாக மூன்று நிமிடம் போலத்தான் தூங்கியிருந்தன. தூக்கத்தைத் தொடர்ந்தவை சராசரியாக எட்டு நிமிடம் போலத் தூங்கியிருந்தன. ஆகவே ஐந்து நிமிடம் சீராக நடங்கள். தூங்கியதும் அணைத்தபடியே ஐந்து முதல் எட்டு நிமிடம் உட்கார்ந்திருங்கள். பிறகு கிடத்துங்கள்.

எதற்கும் அடங்காத இரவும் வரும். எந்த எரிச்சலிலும் குழந்தையைப் பிடித்துக் குலுக்கக் கூடாது. மூளையில் ரத்தம் கசிந்து உயிருக்கே ஆபத்தாகும். கை நடுங்கும் அளவுக்குக் களைத்துவிட்டால் மல்லாக்கப் பத்திரமாகக் கிடத்திவிட்டு, அடுத்த அறைக்குப் போய்ச் சில நிமிடம் மூச்சு வாங்குங்கள். அதுவரை அழட்டும். திரும்பி வந்து தூக்கிக்கொள்ளலாம்.