தொண்டை கட்டிய புதிய ஆசிரியர்களுக்கு

இந்தத் தவணையில் இது நான்காவது தடவை. கல்வியியற் கல்லூரியை முடித்து நியமனம் பெற்று மூன்று கிழமைகளே ஆன ஓர் ஆசிரியை, திருகோணமலைக்கு வடக்கேயுள்ள கடலோரப் பாடசாலையொன்றின் தரம் 8 வகுப்பில், குரல் முற்றாகக் கம்மிப்போய், அடிமட்டத்தால் மேசையில் தட்டிக்கொண்டு நின்றார். "சேர், முதல் நாளே நல்லாப் பயப்படுத்தி வைக்கச் சொன்னவை, நான் விட்டிட்டன்" என்றார், அழாத குறையாக. ஆசிரிய ஆலோசகராக வகுப்புகளுக்குள் சென்றுவரும் எனக்கு, அவரைவிட அந்த அறிவுரையை வழங்கிய மூத்தவர்கள்மீதே கோபம் வந்தது.

பயத்தால் வரும் அமைதி ஆசிரியர் வாசலைத் தாண்டும் வரைதான் நிற்கும். அடுத்த பாடவேளைக்கு வருகின்ற, பயமுறுத்தத் தெரியாத ஆசிரியரின் தலையில் அடக்கிவைத்த சத்தம் வட்டியுடன் விடியும். அதிபர் விறாந்தையால் நடந்து போகும்போது சத்தம் கேட்காவிட்டால் அது நல்ல வகுப்பு என்ற எண்ணம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. ஆனால் 40 நிமிடமும் கரும்பலகையைப் பார்த்துக் கொப்பியில் இறக்கிய பிள்ளைகளிடம், எழுதியதைப் பற்றி ஒரு வினா கேட்டுப் பாருங்கள். அந்த அமைதியின் பெறுமதி தெரிந்துவிடும். குழுவாக இருந்து கணக்கொன்றைச் செய்யும் பிள்ளைகள் சத்தமிடத்தான் செய்வார்கள். அந்தச் சத்தத்தையும் வேலையில்லாமல் எழும் சத்தத்தையும் பிரித்தறியும் காது நமக்கு வேண்டும்.

வகுப்பறைகளை ஒளிப்பதிவு செய்து ஆராய்ந்த ஜேக்கப் கூனின் என்ற அமெரிக்க உளவியலாளர், குழப்பம் நேர்ந்தபின் ஆசிரியர் எவ்விதம் கண்டித்தார் என்பது வகுப்பின் ஒழுங்கில் பெரிய வேறுபாட்டை ஏற்படுத்தவில்லை என்று 1970 இலேயே எழுதிவிட்டார். குழப்பம் எழுமுன் எல்லாரையும் கண்ணில் வைத்திருந்ததும் பாடத்தைத் தொய்வில்லாமல் நகர்த்தியதுமே வேறுபாட்டை உண்டாக்கின. பிரம்பைப் பற்றி நான் வாதாடப் போவதில்லை. பாடசாலைகளில் உடல் தண்டனையைத் தடைசெய்யும், கல்வி அமைச்சின் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சுற்றுநிருபத்தை வாசியுங்கள். "அடிக்கவில்லை, முழந்தாளில்தானே விட்டேன்" என்ற சமாதானத்தை என்னிடம் கொண்டுவர வேண்டாம்.

மணி அடித்து நீங்கள் உள்ளே வரும்போதே பிள்ளைகளுக்குச் செய்ய ஒரு வேலை பலகையில் இருக்கட்டும். இடாப்பு பார்க்கும் நேரத்தில்தான் பெரும்பாலான வகுப்புகள் கைநழுவுகின்றன. பலகையைப் பார்த்துக்கொண்டு பேசாதீர்கள். எல்லாக் கண்களும் உங்களிடம் திரும்பும்வரை அறிவுறுத்தலைத் தொடங்காதீர்கள், தொடங்கினால் ஒரு தடவைதான் சொல்லுங்கள். கடைசி வாங்கு வரை நடந்து செல்லுங்கள். அருகில் போய் நின்றாலே பாதிப் பேச்சு அடங்கும். வினா கேட்டால் மூன்று விநாடியாவது பொறுங்கள், பதிலையும் நாமே சொல்லிவிட்டுக் கவனமில்லை என்று ஏசுவது நியாயமில்லை. கண்டிக்க வேண்டிய பிள்ளையை நாற்பது பேருக்கு முன்னால் எழுப்பாமல், இடைவேளையில் தனியே கூப்பிடுங்கள்.

தயவுசெய்து இன்னொன்று. வெக்கையான கச்சான் காற்று வீசும் மாதங்களில் இடைவேளைக்குப் பிந்திய பாடவேளையில், தகரக் கூரையின்கீழ் மேசையில் தலை சாய்க்கும் பையனைச் சோம்பேறி என்று அழைக்குமுன், அவன் விடியற்காலையில் கரைவலை இழுத்துவிட்டு வந்தவனா என்று விசாரியுங்கள். அந்த ஆசிரியையின் வகுப்பில் அப்படி மூவர் இருந்தார்கள், அவருக்கு அது தெரிந்திருக்கவில்லை.