கொழுப்பு மாத்திரை ‘இல்லை’ என்றால், எது இல்லை என்று கேளுங்கள்

மழைக்காலத்தில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம். காசிமேட்டில் இருந்து ஒரு பெரியவர் கடைக்கு வந்தார். சட்டைப் பையில் இருந்து மாத்திரை அட்டையின் ஒரு மூலையை எடுத்து மேசை மேல் வைத்தார். கத்தரித்துக் கத்தரித்து வாங்கியதில் மிஞ்சிய துண்டு. பாதிப் பெயர், பக்கத்தில் ஒரு 10. அவ்வளவுதான் தெரிந்தது.

“நாலு கடை ஏறி எறங்கிட்டேன் தம்பி. எல்லாரும் இல்லன்றாங்க. கடசிக் கடைல இத குடுத்தாங்க. இது அதானே?”

இன்னொரு கையில் புது அட்டை. ரோசுவாஸ்டாட்டின் 10 மி.கி. அதில் நான்கு மாத்திரை தீர்ந்திருந்தது. கொழுப்பு மாத்திரைதான், அளவும் அதேதான். ஆனால் பழைய துண்டில் இருந்த காலிக் குழி நீளமாக இருந்தது. அது மாத்திரை இருந்த குழி இல்லை, கேப்சூல் இருந்த குழி.

“ஐயா, நெஞ்சுல ஏதாவது வெச்சிருக்காங்களா?”

“ஆமாம்பா, ஸ்டென்ட். அஞ்சு மாசம் ஆவுது.”

அவர் இத்தனை நாள் போட்டது மூன்று மருந்து சேர்ந்த கேப்சூல். ரோசுவாஸ்டாட்டினோடு ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெல்லும் அதற்குள் இருக்கும். பின்னிரண்டும் ரத்தம் உறையாமல் பார்த்துக்கொள்பவை. ஸ்டென்ட் என்பது இதய ரத்தக்குழாயை விரித்துப் பிடிக்க உள்ளே வைக்கும் சின்னக் குழாய். அதை வைத்த முதல் மாதங்களில் இவை நின்றால் அந்தக் குழாயிலேயே ரத்தம் கட்டிக்கொள்ளலாம், மாரடைப்பு வரலாம். நான்கு நாளாக அவருக்குக் கொழுப்பு மருந்து மட்டும்தான் போயிருக்கிறது. கொடுத்த கடைக்காரரும் கெட்ட எண்ணத்தில் கொடுத்திருக்க மாட்டார். துண்டில் தெரிந்த எழுத்தைப் பார்த்து எடுத்திருப்பார்.

வடசென்னையில், தண்டையார்பேட்டைப் பக்கம் மருந்துக்கடையில் நின்று வருஷங்கள் ஓடிவிட்டன. “கொழுப்பு மாத்திரை எங்கேயும் கிடைக்கல” என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, எந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டீர்கள் என்பதுதான். நம் ஊரில் கொழுப்புக்கு அதிகம் எழுதுவது இரண்டே மருந்துகள்: அட்டோர்வாஸ்டாட்டின், ரோசுவாஸ்டாட்டின். இவற்றை எத்தனையோ கம்பெனிகள் ஆளுக்கொரு பெயரில் விற்கின்றன. எல்லாவற்றையும் ஒரு கடையில் அடுக்கினால் வேறு மருந்துக்கு இடமிருக்காது. சுற்றுவட்டாரத்து டாக்டர்கள் எழுதும் நாலைந்து பெயர்களைத்தான் வாங்கி வைப்போம். ராயபுரத்து டாக்டர் எழுதிய கம்பெனி திருவொற்றியூர்க் கடையில் இருக்காது, அங்கே ஓடுவது இங்கே இருக்காது. ஆக ‘இல்லை’ என்ற பதில் பெரும்பாலும் கம்பெனிப் பெயருக்கு வரும் பதில். மருந்து அதே அலமாரியில் வேறு பெயரில் உட்கார்ந்திருக்கும்.

அப்படியானால் நீங்களே மாற்றிக் கொடுக்கலாமே என்று சண்டைக்கு வருகிறவர்கள் உண்டு. சட்டம் விடாது. இந்த மருந்துகள் ‘ஷெட்யூல் எச்’ வகை, அதாவது டாக்டர் சீட்டு இருந்தால்தான் விற்கக்கூடியவை. சீட்டில் ஒரு கம்பெனிப் பெயர் இருந்தால், உள்ளே அதே மருந்தே இருந்தாலும் வேறு கம்பெனியை அதற்குப் பதிலாகக் கொடுக்கக் கூடாது என்று மருந்து விதி 65 சொல்கிறது. நடைமுறையில் எல்லாரும் மாற்றிக் கொடுக்கிறார்கள் என்பது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். பெரியவருக்கு நடந்தது அப்படி நடந்ததுதான். அதனால் டாக்டருக்கு ஒரு போன் போடுங்கள் என்பேன். அடுத்த முறை சீட்டு எழுதும்போது, “மருந்து பேரையும் சேர்த்து எழுதிக் குடுங்க டாக்டர்” என்று கேட்டு வாங்குங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட ஒன்றும் இல்லை.

அட்டையைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. 2018-ல் வந்த விதிப்படி கம்பெனிப் பெயரைவிட மருந்தின் பெயரைப் பெரிதாக அச்சிட வேண்டும். ஆனால் மூன்று, அதற்கு மேல் மருந்து சேர்ந்தவற்றுக்கு இதில் விலக்கு. எதைக் கவனமாகப் படிக்க வேண்டுமோ அதில் எழுத்து பொடியாக இருக்கும்! பெயருக்குப் பின்னால் வரும் வாலையும் பாருங்கள். ‘கோல்டு’ என்றால் பெரும்பாலும் மூன்று மருந்து. ‘எஃப்’ என்றால் பெரும்பாலும் ஃபெனோஃபைப்ரேட் சேர்ந்திருக்கும், அது டிரைகிளிசரைடு என்ற இன்னொரு கொழுப்புக்கானது. ‘ஏவி’ என்று வந்தால் ஆஸ்பிரினும் அட்டோர்வாஸ்டாட்டினும் இருக்கலாம். வாலை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் சொல்லி வாங்கினால் வேறு மருந்து கைக்கு வரும்.

பெரியவர் விஷயத்துக்கு வருகிறேன். சீட்டு வீட்டில் இருந்தது. பேரன் அதைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினான். நான் நினைத்தது சரிதான். அந்தக் கேப்சூல் என்னிடமும் இல்லை, கடைகளுக்கு மருந்து அனுப்பும் ஸ்டாக்கிஸ்டிடமும் இல்லை, திங்கட்கிழமைதான் தெரியும் என்றார்கள். ஆனால் உள்ளே இருக்கும் மூன்றும் தனித்தனி மாத்திரையாக எல்லாக் கடையிலும் கிடைப்பவை. டாக்டரை போனில் பிடித்தோம். நெஞ்சு வலி, மூச்சு வாங்கல் எதுவும் இல்லையா என்று விசாரித்துவிட்டு, தனித்தனியாகவே கொடுங்கள், இன்றைக்கே போடச் சொல்லுங்கள், திங்கட்கிழமை நேரில் வரட்டும் என்றார். ஒரு கேப்சூலுக்குப் பதில் மூன்று மாத்திரை. பெரியவருக்கு இது பிடிக்கவில்லை, “நோவு அதிகமாயிடுச்சா” என்று முகம் சுருங்கிவிட்டது. அதே மருந்துதான், பிரிந்து வந்திருக்கிறது என்று புரியவைக்கப் பத்து நிமிஷம் ஆனது.

பலருக்கும் தோன்றாத வழி இது. சேர்க்கை மாத்திரை தீர்ந்தால் பிரித்து வாங்க முடியுமா என்று கேளுங்கள். 20 மி.கி. இல்லையென்றால் 10 மி.கி. இரண்டு போடலாமா என்றும் கேட்கலாம். கேப்சூலைப் பிரித்துக் கொட்டிப் பாதியாக்குவது மட்டும் வேண்டாம்.

மருந்தையே மாற்ற வேண்டி வந்தால் அது டாக்டர் வேலை. அட்டோர்வாவும் ரோசுவாவும் ஒரே குடும்பம், ஆனால் பத்துக்குப் பத்து என்று கணக்குப் போட முடியாது. ரோசுவாஸ்டாட்டின் 10 மி.கி. செய்கிற வேலைக்கு அட்டோர்வாஸ்டாட்டின் கிட்டத்தட்ட 20 மி.கி. வேண்டும். கிட்னி கோளாறு இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கே வேறு.

இதைவிட என்னைக் கவலைப்பட வைக்கிறவர்கள், ‘இல்லை’ என்றதும் பேசாமல் வீட்டுக்குப் போய்விடுகிறவர்கள். தலைவலி மாத்திரை கிடைக்காவிட்டால் அடுத்த தெருவுக்குப் போவோம், தலை வலிக்கிறதே! கொழுப்பு வலிக்காது. நிறுத்தி ஒரு மாதம் ஆனாலும் உடம்பில் ஒன்றும் தெரியாது. “நல்லாத்தான் இருக்கேன், எதுக்கு?” என்று பூண்டும் வெந்தயமும் சாப்பிட்டுக்கொண்டு இருந்துவிடுவார்கள். பூண்டு சாப்பிடுங்கள், யார் வேண்டாம் என்றது? ஆனால் மாத்திரையை நிறுத்தினால் சில வாரங்களிலேயே கெட்ட கொழுப்பு பழைய அளவுக்கு ஏறிவிடும். ஒரு நாள் தவறியதற்குப் பயப்பட வேண்டாம். மறுநாள் வழக்கமான நேரத்தில் ஒன்று போட்டால் போதும், விட்டதற்கும் சேர்த்து இரண்டு போடக் கூடாது.

எங்கே தேடுவது? ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியிலோ கார்ப்பரேஷன் ஆஸ்பத்திரியிலோ பதிவு வைத்திருப்பவர்கள் வெளியே அலைய வேண்டியதே இல்லை, மாத்திரை இலவசம். 2023-ல் வந்த ‘இதயம் காப்போம்’ திட்டத்தில், நெஞ்சு வலியோடு வருகிறவர்களுக்கு உடனே கொடுக்க ஆரம்ப சுகாதார நிலையங்களில் வைத்திருக்கும் மருந்துகளில் அட்டோர்வாஸ்டாட்டினும் ஒன்று. மத்திய அரசின் மக்கள் மருந்தகங்களில் (ஜன் ஔஷதி) கம்பெனிப் பெயர் என்ற தொல்லையே இல்லை, மருந்தின் பெயரில்தான் விற்கிறார்கள், விலையும் நன்றாகக் குறையும். பக்கத்தில் எந்தக் கடை என்று ‘ஜன் ஔஷதி சுகம்’ செயலியில் பார்க்கலாம். தமிழக அரசு 2025 பிப்ரவரியில் ஆயிரம் இடங்களில் திறந்த முதல்வர் மருந்தகங்களும் உண்டு. பாரிமுனைப் பக்கம் நயினியப்ப நாயக்கன் தெருவில் மொத்தக் கடைகள் இருக்கின்றன, ஆனால் ஒரு அட்டைக்காக அங்கே போய் நிற்பது வீண் அலைச்சல். உங்கள் தெருக் கடைக்காரரிடம் எழுதி வைத்தால் அவரே வரவழைத்துவிடுவார். எங்கே வாங்கினாலும் பில் வாங்குங்கள்.

எங்கள் பக்கம் மீன்பிடித் தொழிலை நம்பிய வீடுகள் நிறைய, விலை சின்ன விஷயமில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கரையில் நின்றால் வீட்டில் காசு நிற்கும். முன்பு முழு அட்டை வாங்கியவர்கள் அந்த இரண்டு மாதத்தில் ஐந்து மாத்திரை மட்டும் கேட்பார்கள். அப்புறம் ஒருநாள் விட்டு ஒருநாள் போடுவார்கள். கையில் காசில்லாமல் நிறுத்திவிட்டு, கடையில் இல்லை என்று டாக்டரிடம் சொல்கிறவர்களும் உண்டு. என்னிடம் வெளிப்படையாகச் சொன்னால் மக்கள் மருந்தகத்துக்கு வழி சொல்லிவிடுவேன். என் வியாபாரம் போகும், போகட்டும்.

அட்டையில் ஏழு மாத்திரை இருக்கும்போதே கடைக்கு வந்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஸ்டாக்கிஸ்ட் கிடையாது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் மருந்து கொண்டுவரும் வண்டிகளே நாள்கணக்கில் எங்கள் பக்கம் வரவில்லை. இடுப்பளவு தண்ணீரில் மாத்திரை கேட்டு வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்பினேன். பாதி அட்டை வாங்கினால் பெயரும் காலாவதித் தேதியும் உள்ள பக்கம் யாரிடம் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். அது கடையிலேயே தங்கிவிட்டால், அட்டையை போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள்.

பெரியவரின் கேப்சூல் மூன்று வாரம் கழித்து வந்தது. டாக்டரும் அதற்கே மாறிக்கொள்ளச் சொல்லிவிட்டார். வாங்கிப் போன மறுநாள் காலையிலேயே அவர் மனைவி கடைக்கு வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர். புதுக் கேப்சூல் அட்டை, மீதமிருந்த மூன்று மாத்திரை அட்டைகள், எல்லாம் ஒன்றாக.

“ரெண்டையும் சேத்துப் போட்டா சீக்கிரம் சரியாயிடும்ன்றாரு தம்பி. போடலாமா?”

நல்ல வேளை, அன்றைக்கு இன்னும் எதையும் போடவில்லை. ரத்தம் உறையாமல் இருக்கும் மருந்து இரண்டு மடங்கு போயிருக்கும். மூன்று அட்டைகளையும் தனியாக எடுத்துக் காகிதத்தில் சுற்றி ரப்பர் பேண்டு போட்டேன். மேலே ‘இப்போது வேண்டாம். கேப்சூல் கிடைக்காவிட்டால் டாக்டரைக் கேட்டுவிட்டு’ என்று பெரிய எழுத்தில் எழுதினேன். மூன்றில் எது முதலில் காலாவதியாகிறதோ அந்தத் தேதியையும் பக்கத்திலேயே எழுதிக் கொடுத்தேன்.