பக்கத்து வளவுக் கட்டடமும் ரிட் மனுவும்

பக்கத்து வளவில் மண்டபம் எழும்புகிறது. எல்லையில் விட வேண்டிய இடம் விடவில்லை, கூரைத் தண்ணீர் முழுக்க உங்கள் முற்றத்தில். பிரதேச சபைக்குப் போனால், "எழுதித் தந்திட்டுப் போங்க, ரி.ஓ. (தொழில்நுட்ப உத்தியோகத்தர்) வந்து பார்ப்பார்" என்பார்கள். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இப்படி அலைந்து களைத்த பிறகுதான் பலர் "ரிட் போடலாமா?" என்று கேட்கிறார்கள். அதற்குள் கொங்கிறீட்டும் போட்டாகிவிடும்.

போடலாம். ரிட் என்பது, சபை போன்ற அரச அமைப்பின் முடிவு செல்லாது என்றோ, அது ஒன்றைச் செய்ய வேண்டும் அல்லது செய்யக்கூடாது என்றோ நீதிமன்றம் இடும் ஆணை. ஆனால் சபை தன் அதிகாரத்துக்குள், சட்டப்படி, நியாயமாக முடிவெடுத்ததா என்பதை மட்டுமே நீதிமன்றம் பார்க்கும். வேலி யார் பக்கம் என்பதை அங்கே தீர்க்க மாட்டார்கள். அது மாவட்ட நீதிமன்ற வழக்கு.

அடுத்த பொறி, எந்த நீதிமன்றம் என்பது. சபை தன் சொந்த உள்ளூராட்சி அதிகாரத்தில் அனுமதி கொடுத்திருந்தால் மாகாண மேல் நீதிமன்றத்துக்குப் போகலாம். 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்தின் கீழ் கொடுத்திருந்தால் கொழும்பில் உள்ள மேன்முறையீட்டு நீதிமன்றம்தான். இரண்டையும் அதே சபைதான் கொடுக்கும். அதனால் அனுமதிப் பத்திரத்தைக் கண்ணால் பார்க்காமல் மனு எழுத விடாதீர்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அதன் பிரதியையும் அங்கீகரித்த வரைபடத்தையும் கேளுங்கள். தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் சொல்லியாக வேண்டும். "ஃபைல் மேல போயிருக்கு" என்பது பதில் அல்ல. விண்ணப்பம் கிடைத்ததற்கு எழுத்தில் ஒப்புகை வாங்காமல் படியிறங்க வேண்டாம்.

சபை சும்மா இருந்தால், நடவடிக்கை எடுக்கும்படி பதிவுத் தபாலில் கோருங்கள். கேட்டும் செய்யவில்லை என்று காட்டினால்தான் "செய்" என்ற ஆணையைக் கேட்க முடியும். ரிட்டுக்கு நாள் கணக்கு இல்லை என்று யாராவது சொன்னால் நம்பி இருந்துவிடாதீர்கள். தாமதத்துக்காகவே மனு தள்ளுபடியாகும். கட்டுகிறவரையும் எதிர்மனுதாரராகச் சேர்க்க வேண்டும். உங்கள் குசினிப் பத்தி அனுமதியில்லாமல் இறக்கியது என்றால் அதையும் சொல்லிவிடுங்கள். உண்மையை மறைத்தவருக்கு ரிட் கிடைக்காது.

அனுமதியில்லாமல் கட்டியவரும் இதே வழியில்தான் வருகிறார். இடிப்பு அறிவித்தல் வந்ததும் இடைக்காலத் தடை வாங்கி, அந்தத் துணிவில் அடுத்த மாடியையும் எழுப்புகிறார். எனக்கு ஆத்திரம் வருவது இங்கேதான். சபை உத்தியோகத்தரோ "கோர்ட்டில கிடக்கு" என்று கையை விரித்துவிடுவார். தடையுத்தரவின் பிரதியை எடுத்து, எதை நிறுத்தியிருக்கிறார்கள் என்று படியுங்கள். இடிப்பதை மட்டும் நிறுத்தியிருந்தால் அது மேற்கொண்டு கட்டுவதற்கு அனுமதி அல்ல. திகதியோடு படம் எடுத்து, சபைச் செயலாளருக்கும் சபையின் சட்டத்தரணிக்கும் எழுத்தில் அன்றே கொடுங்கள்.