சைட் நாட்கூலிக்கும் ஈ.பி.எஃப். உண்டு

மன்னார்த் தீவில் எழுந்த 100 மெகாவாட் காற்றாலையானாலும், நாளைக்கு யுரேனியம் செறிவூட்டும் ஆலையே வந்தாலும், அத்திவாரம் வெட்டுபவரும் கம்பி கட்டுபவரும் பெரிய கம்பனியின் ஆட்களாக இருப்பது அரிது. கம்பனிக்குக் கீழே கொந்தராத்துக்காரர், அவருக்குக் கீழே சப் கொந்தராத்து, அதற்கும் கீழே ஆள் பிடித்துக் கொடுப்பவர். வயதான காலத்துக்கென்று சேரும் ஊழியர் சேமலாப நிதி (ஈ.பி.எஃப்.) இந்த அடுக்குகளுக்குள்தான் காணாமற்போகிறது.

இலங்கையின் 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி இந்த நிதிக்கு முதல் நாளிலிருந்தே உரித்து உண்டு. நியமனக் கடிதம் தேவையில்லை. "கசுவல் ஆக்களுக்கு இல்லை", "ஆறு மாதம் முடியட்டும்" என்பதெல்லாம் சுத்தப் பொய்.

கூலியில் உங்கள் பங்கு 8%, முதலாளியின் பங்கு 12%. ஊழியர் நம்பிக்கை நிதிக்கு (ஈ.டி.எஃப்.) முதலாளி தனியாக 3% கட்ட வேண்டும், அதை உங்கள் கூலியில் கழிக்கக் கூடாது. நாளுக்கு 3,000 ரூபா, மாதம் 25 நாள் என்றால் 75,000. அதற்கு இரண்டு நிதிக்கும் மாதம் 17,250 ரூபா போக வேண்டும். முதலாளி தரும் சாப்பாட்டின் பெறுமதியும் கணக்கில் சேரும், ஓவர்டைம் சேராது.

சுப்பர்வைசர் நீட்டும் தாளை வாசிக்காமல் கையெழுத்து வைக்காதீர்கள். "நான் லேபர் கொந்தராத்து எடுத்தேன்" என்று அதில் இருந்தால், பிறகு நீங்கள் தொழிலாளி என்று நிறுவுவதே பெரும்பாடு. வீட்டில் கூப்பிடும் பெயரைக் கொடுக்காதீர்கள். அடையாள அட்டையில் உள்ள எழுத்துப்படியே பதிவு இருக்க வேண்டும். "ராசன்" என்று கட்டிய காசை இராசேந்திரம் எடுக்க அலைய வேண்டிவரும். முதலாளி மாறும்போது புது உறுப்பினர் இலக்கம் விழும், ஒவ்வொன்றையும் எழுதி வையுங்கள்.

கூலி தருபவரின் முழுப்பெயர், விலாசம், கேற் பாஸ், வரவுப் பதிவுப் பக்கம், எல்லாவற்றையும் வேலை நடக்கும்போதே போனில் படமெடுங்கள். சைட் மூடிய பிறகு ஆளைத் தேட முடியாது. முதலாளி யாரென்று சொல்லத் தெரியாதவரின் முறைப்பாடு மேசையை விட்டு நகராது.

வவுனியா தொழில் அலுவலகத்துக்குப் போனால், "கம்பனி கொழும்பில்தானே, அங்கே போங்கோ" என்று சொல்லக்கூடும். எழும்பாதீர்கள். எழுத்தில் கொடுத்து, திகதி முத்திரை குத்திய பிரதி கேளுங்கள். கோப்பைக் கொழும்புக்கு அனுப்புவது அவர்கள் வேலை. அதற்கு நீங்கள் பஸ் காசு செலவழிக்கத் தேவையில்லை. பிந்திக் கட்டும் முதலாளிக்கு 5% முதல் 50% வரை மேலதிகக் கட்டணம் விழும் என்பதால், முத்திரை விழுந்த பிறகுதான் பலர் இறங்கி வருவார்கள்.

ஈ.டி.எஃப். காசை வேலையை விட்டதும் எடுக்கலாம். ஒருமுறை எடுத்தால் அடுத்தது 5 வருடத்துக்குப் பிறகுதான், சின்னத் தொகைக்கு அவசரப்படாதீர்கள். ஈ.பி.எஃப். பொதுவாக ஆண்களுக்கு 55 வயதில், பெண்களுக்கு 50இல்.