சப்ஜெக்ட் – பொருள்

வேலைக்கு மின்னஞ்சல் எழுதும்போது பெறுநர் முகவரிக்குக் கீழே ‘சப்ஜெக்ட்’ என்று ஒரு கட்டம் வரும். இதைத் ‘தலைப்பு’ என்று சொல்பவர்கள் உண்டு. ‘பொருள்’ என்பதே சரி என்பது என் உறுதியான கருத்து.

சப்ஜெக்டின் வேர் லத்தீன். ‘சுப்’ என்றால் கீழே, ‘யாகெரே’ என்றால் எறிதல். கீழே இடப்பட்டது என்பதே மூலப்பொருள். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது அரசனுக்குக் கீழ்ப்பட்ட குடியைக் குறித்தது. அப்புறம் படிக்கும் பாடம், வாக்கியத்தின் எழுவாய், பேசப்படும் செய்தி என்று கிளைத்தது. குடி, பாடம், எழுவாய், பொருள் என்று தமிழில் ஒவ்வொன்றுக்கும் தனிச்சொல் இருக்கிறது. கடிதத்துக்கு உரியது கடைசிச் சொல்.

பொருள் என்ற சொல்லின் வீச்சு பெரிது. கையில் எடுக்கும் பண்டமும் பொருள், சேர்த்த செல்வமும் பொருள், சொல் உணர்த்துவதும் பொருள். தொல்காப்பியத்தின் மூன்றாம் பகுதியான பொருளதிகாரம், பாட்டில் பாடப்படும் செய்தியை ஆராய்கிறது. திருக்குறளின் பொருட்பாலிலோ ஆட்சி, அமைச்சு, செல்வம் எல்லாம் அடங்குகின்றன. 751ஆம் குறள் மதிப்பு, செல்வம் ஆகிய இரண்டையும் இந்த ஒரே சொல்லால் மாறி மாறிச் சுட்டுகிறது.

தலைப்பு என்பது தலையில் நிற்பது, அவ்வளவுதான். கதைக்கும் செய்திக்கும் அது பொருந்தும். ஆவலைத் தூண்டலாம், பாதியை மறைத்தும் வைக்கலாம். கடிதத்தின் பொருள் வரிக்கு அந்த உரிமை கிடையாது. உள்ளே என்ன இருக்கிறது என்பதைத் திறக்காமலே சொல்லிவிட வேண்டும். தாள் கடிதம் எழுதிய காலத்திலிருந்தே நம் அலுவலகங்களில் ‘பொருள்: … தொடர்பாக’ என்று எழுதுவது இதற்காகத்தான். 1973இல், இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட் வலையமைப்பின் காலத்திலேயே, மின்னஞ்சலின் தலைக்குறிப்புகளை ஒழுங்குபடுத்திய, ஆர்எஃப்சி என்ற தொழில்நுட்ப ஆவண வரிசையின் 561ஆம் ஆவணத்திலும் அனுப்புநர், நாள் ஆகியவற்றோடு பொருளுக்கும் ஓர் இடம் இருந்தது.

வேலை தேடுபவர்கள் இந்த வரியில் ‘விண்ணப்பம்’ என்றோ ‘ரெஸ்யூமே’ என்றோ மட்டும் எழுதி அனுப்பிவிடுகிறார்கள். ஆள் எடுப்பவரின் பெட்டியில் இருக்கும் எல்லாமே விண்ணப்பம்தானே, எதை யாருடையது என்று பிரிப்பார்? இப்படி எழுதிப் பாருங்கள்:

பொருள்: கணக்காளர் பணிக்கு விண்ணப்பம் – விளம்பர எண் 214 – மு. செல்வி

என்ன பணி, எந்த விளம்பரம், யார் என்ற மூன்றும் வந்துவிட்டன. பணியின் பெயர் முன்னால் இருப்பதும் முக்கியம், ஏனென்றால் கைபேசித் திரை வரியின் வாலை வெட்டிவிடும். ‘அவசரம்’, ‘தயவுசெய்து பார்க்கவும்’ போன்றவை வேண்டாம். அவை வேண்டுகோள், பொருள் அல்ல. ‘மதிப்பிற்குரிய ஐயா’ என்பதும் இங்கே வேண்டாம், அதன் இடம் கடிதத்தின் உள்ளே.

பதில் அனுப்பும்போது வரியின் முன்னால் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும் ‘ரீ:’ பற்றியும் சொல்ல வேண்டும். பதிலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் சுருக்கம் என்றே பலரும் நினைக்கிறோம். மின்னஞ்சலின் வடிவத்தை வரையறுக்கும் ஆர்எஃப்சி 5322 வேறு விளக்கம் தருகிறது: ‘இன் ரே’ என்ற லத்தீன் தொடரின் சுருக்கம் அது. ‘ரேஸ்’ என்றால் பொருள், விவகாரம். ‘இன் ரே’ என்றால் ‘இந்தப் பொருள் தொடர்பாக’. நம் அலுவலகக் கடிதம் சொல்லும் அதே தொடர்! ஜெர்மானியர் பதிலுக்கான தங்கள் சொல்லைச் சுருக்கி ‘ஆவே’ என்று போடுகிறார்கள். அதுபோலத் தமிழில் ‘பதில்:’ என்று போட்டால் பிழையில்லை, ஆனால் ‘தொடர்பாக’ என்பதே மூலத்துக்கு நெருக்கம்.

சரி, விண்ணப்பிப்பவருக்கு இதில் என்ன? நேர்காணலுக்கு அழைத்து மடல் வந்தால் புது மடல் தொடங்காமல் அதற்கே பதில் போடுங்கள், பொருள் வரியையும் மாற்றாதீர்கள். முன்னே பேசியதெல்லாம் அதே தொடரில் அவர் கண்முன் இருக்கும். முதல் மடலிலேயே ‘ரீ:’ என்று தாமாகச் சேர்த்து, ஏற்கெனவே பேசியதுபோலக் காட்டுவது மட்டும் கூடாது. திறந்தவுடன் தெரிந்துவிடும், விண்ணப்பத்தின் மேல் நம்பிக்கையும் போய்விடும்.