பெல்ட்டை ஏன் இடுப்பில் கட்டவில்லை?

"லாரி இடித்ததில் நண்பனுக்கு இடுப்பெலும்பு உடைந்துவிட்டது. ஆம்புலன்ஸில் வந்தவர், உடைந்த இடுப்பை இறுக்கிப் பிடிக்கும் பெல்ட்டை இடுப்பில் கட்டாமல் தொடைப் பக்கம் இறக்கிக் கட்டினார். தவறில்லையா?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்.

தவறே இல்லை, சரியான இடம் அதுதான்.

இடுப்பெலும்பு ஒரு வளையம். கண்ணாடி வளையல் உடைந்தால் ஒரு இடத்தில் மட்டும் விடாது. இதுவும் பெரும்பாலும் அப்படித்தான். முன்னால் இணைப்பு பிளந்து, பின்னால் முதுகுத்தண்டின் அடியோடு சேரும் மூட்டும் விட்டால், வளையம் புத்தகம்போல் விரியும். பாதங்கள் வெளிப்பக்கமாகச் சாயும். பின்பக்கம் வலைபோல் படர்ந்திருக்கும் மெல்லிய சிரைகள், அதாவது ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய்கள், கிழியும். வெளியே சொட்டு ரத்தம்கூடத் தெரியாது. உள்ளே லிட்டர் கணக்கில் போய்க்கொண்டிருக்கும். உடம்பில் இருப்பதே சுமார் 5 லிட்டர்தான்.

இப்போது பெல்ட்டுக்கு வருவோம். பேண்ட் பாக்கெட் இருக்கும் இடத்தில், தொடையின் மேல்பக்கவாட்டில் ஒரு எலும்பு முண்டு தட்டுப்படும். அது தொடை எலும்பின் தோள்பட்டை மாதிரி. அங்கே சுற்றி இறுக்கினால், விசை தொடை எலும்பின் உருண்டைத் தலை வழியாக நேராக இடுப்புக் கிண்ணத்துக்குள் போய், விரிந்த வளையத்தை இரண்டு பக்கமும் உள்ளே தள்ளுகிறது. வேட்டி கட்டும் உயரத்தில் இறுக்கினால் மேல்விளிம்பு மட்டும் நெருங்கும், கீழே முன்பக்கப் பிளவு அப்படியே நிற்கும், சில சமயம் இன்னும் விரியும். முழங்கால்களை உள்பக்கம் திருப்பிச் சேர்த்துக் கட்டுவதும் விரிந்த வளையத்தை மூடத்தான். பெல்ட் இல்லையென்றால் மடித்த போர்வையே போதும்.

வளையம் சுருங்கினால் ரத்தம் தேங்க இடம் குறையும் என்பது பழைய விளக்கம். அதைவிட முக்கியம், உடைந்த முனைகள் அசையாததால் முதலில் உறைந்த ரத்தம் கலையாமல் இருப்பது. சிரையில் அழுத்தம் குறைவு, அந்த உறைவே அடைப்பாகிவிடும். அதனால்தான் 'ஆடுகிறதா பார்ப்போம்' என்று இடுப்பை அழுத்திப் பார்க்கும் பழைய சோதனையைக் கைவிட்டார்கள். கை ஒருவர், கால் ஒருவர் பிடித்து ஆட்டோவில் ஏற்றும் நம் ஊர் அவசரம் செய்வதும் அந்த உறைவைக் கலைப்பதுதான்.

உறைவைக் காக்க மருந்தும் உண்டு. ஜப்பானின் உதாகோ, ஷோசுகே ஒகமோட்டோ தம்பதி 1962-இல் அறிவித்த டிரானெக்சாமிக் அமிலம், உறைவை உடல் கரைப்பதைத் தடுக்கிறது. 2010-இல் வெளியான கிராஷ்-2 ஆய்வில் இந்தியா உட்பட 40 நாடுகளில், விபத்து போன்றவற்றில் காயமடைந்த 20,000-க்கும் மேற்பட்டோரிடம் இதைச் சோதித்தார்கள். 3 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் பலன். நடுவில் கிட்டத்தட்ட ஐம்பது வருஷம்! மலிவான பழைய மருந்தை மறுபடி சோதிக்க எந்தக் கம்பெனி துடிக்கும்? இதற்குத்தான் அரசுகள் பணம் ஒதுக்க வேண்டும் என்பேன்.

அப்புறம் ஒரு வேடிக்கை. பெல்ட் கச்சிதமாகப் பொருந்திவிட்டால், எக்ஸ்ரேயில் வளையம் உடையாததுபோலவே தெரியலாம். நோயாளி நிலையானதும், மருத்துவர்கள் பெல்ட்டைத் தளர்த்தி இன்னொரு படம் எடுத்துப் பார்ப்பார்கள்.